ஏலம் முடிந்ததும் கையில் பணம் குறைந்தவர் வெளியேற வேண்டுமா?

கணக்குப்புலி:
விடுமுறையில் பிள்ளைகளோடு என்ன விளையாடலாம் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் பாட்டிகதை என்பவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஜெர்மன் ஆட்ட வடிவமைப்பாளர் ரைனர் கினிட்சியாவின் 'ஹை சொசைட்டி' ஏலச் சீட்டாட்டத்தை அவர் தேவதைக் கதைப் படங்கள் போட்டு வீட்டிலேயே செய்திருக்கிறார். அதுவரை சந்தோஷம். அப்புறம், "ஆட்ட முடிவில் கையில் பணம் குறைவாக இருப்பவர் தோற்றார் என்ற விதி தேவையே இல்லை, தூக்கிவிட்டேன், பிள்ளைகள் நிம்மதியாக விளையாடுகிறார்கள்" என்று முடித்திருக்கிறார். கீழே ஏகப்பட்ட கைதட்டல்.

தேவையே இல்லையா? அந்த ஆட்டமே அந்த ஒரு விதிதான். அதை எடுத்துவிட்டு ஏலம் விடுவது, பிரேக்கைக் கழற்றிவிட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது மாதிரி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு 11 பண அட்டைகள்: 1, 2, 3, 4, 6, 8, 10, 12, 15, 20, 25. கூட்டினால் 106. சில்லறை மாற்ற முடியாது. கீழே வைத்த அட்டையை எடுத்துவிட்டு வேறு வைக்கவும் முடியாது, மேலே கூட்டத்தான் முடியும். ஏலத்துக்கு வருபவை 16 அட்டைகள். 1 முதல் 10 வரை மதிப்புள்ளவை பத்து, மதிப்பை இரட்டிப்பாக்குபவை மூன்று, கெடுதல் மூன்று. கடைசியில் யாரிடம் பணம் மிகக் குறைவோ அவர் எத்தனை புள்ளி வைத்திருந்தாலும் வெளியே. மிச்சம் இருப்பவர்களில் அதிகப் புள்ளிக்காரர் ஜெயித்தார். 1995-இல் வந்த ஆட்டம், இன்றுவரை நிற்கிறது என்றால் காரணம் இந்த வரிதான்.

பாட்டிகதை:
என் பெயரைச் சொல்லியே ஆரம்பித்திருக்கிறீர்கள், நன்றி. நான் எழுதியதை முழுதாகப் போடவில்லையே. என் மகளுக்கு 7 வயது, மகனுக்கு 10. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீராக வெட்டி, பின்பக்க வெள்ளையில் நானும் மகளும் நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தோம். 10 பொன் வாத்து, 9 மாயக் கண்ணாடி, 8 கண்ணாடிச் செருப்பு, இப்படி. கெடுதலுக்குச் சூனியக்காரி, ஓநாய், முள் சாபம். முதலில் உங்கள் விதியோடுதான் விளையாடினோம். மகளிடம் பொன் வாத்து, 7, ஒரு இரட்டிப்பு. 34 புள்ளி. வீட்டில் யாரும் கிட்டவே வரவில்லை. கையைத் திறந்தால் அவளிடம் 6, அண்ணனிடம் 7. வெளியே. அட்டைகளைக் கட்டிலுக்கடியில் வீசிவிட்டு இரவு சாப்பிடவில்லை. தான் வரைந்த வாத்து. அந்த விதியைத்தான் எடுத்தேன்.

கணக்குப்புலி:
பிள்ளை அழுதது வருத்தம்தான். ஆனால் அந்த 7-ஐ எவ்வளவுக்கு எடுத்தாள்?

பாட்டிகதை:
12-உம் 3-உம். அவள் அப்பா 14 வரை வந்தார்.

கணக்குப்புலி:
அவ்வளவுதான் விஷயம். 14-இலேயே அப்பாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தால், கீழே வைத்திருந்த 12 அவள் கைக்குத் திரும்பியிருக்கும். போகாத 3 கையிலேயே இருக்கும். 6-ஐயும் சேர்த்தால் 21 மிச்சம். பொன் வாத்துக்கு இரட்டிப்புப் போட்டு 20 புள்ளி, பத்திரமாக உள்ளே. பொன் வாத்தும் வேண்டும், பக்கத்தில் வந்ததும் வேண்டும் என்றால் அதற்கு ஒரு விலை உண்டு. விதி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

யாழ்நண்டு:
ஏழு வயதுப் பிள்ளையிடம் கணக்குக் கேட்கிறீர்களே ஐயா, அதுவும் ஊர் பார்க்க.

திண்ணைவாசி:
இவர் எப்போதும் இப்படித்தான். கேரம் பேச்சில் சிவப்புக் காயை மூடுவது பற்றி என்னோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றவர் இவர்தான். நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாட்டிகதை செய்திருப்பது தேவதைக் கதை ஆட்டம். தேவதைக் கதையில் ஏழையை வெளியே அனுப்புவார்களா? ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். மூன்று பிள்ளைகளில் யாரும் மதிக்காத கடைக்குட்டிதான் ராஜகுமாரியைக் கட்டுகிறான். பொன் வாத்து கிடைப்பதும் அப்படி ஒருவனுக்குத்தான், தன் அடையையும் புளித்த பீரையும் பங்கு போட்டுக் கொடுத்ததற்காக. 'அதிர்ஷ்டக்கார ஹான்ஸ்' இன்னும் தெளிவு. ஏழு வருடம் உழைத்துத் தலையளவு தங்கக்கட்டி வாங்குகிறான். தங்கத்தைக் கொடுத்துக் குதிரை, குதிரைக்குப் பசு, பசுவுக்குப் பன்றி, பன்றிக்கு வாத்து, வாத்துக்குச் சாணைக்கல். கல்லும் கிணற்றில் விழுந்துவிடுகிறது. வெறுங்கையோடு துள்ளிக்கொண்டு அம்மாவிடம் போகிறான். அந்தக் கதையில் ஜெயித்தது அவன். கையில் பணம் பூஜ்யம்!

கணக்குப்புலி:
அதே தொகுப்பில் மீனவனும் அவன் பெண்டாட்டியும் இருக்கிறார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? குடிசை போதாது, வீடு வேண்டும். வீடு போதாது, கோட்டை. அப்புறம் ராஜா, சக்கரவர்த்தி, போப்பாண்டவர். கடைசியில் கடவுளாக வேண்டும் என்கிறாள், பழைய குடிசைக்கே திரும்புகிறாள். போதும் என்று சொல்லத் தெரியாதவர் கடைசியில் எல்லாவற்றையும் இழப்பார். வெளியேற்றும் விதி சொல்வது எழுத்துக்கு எழுத்து இதைத்தான். தேவதைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேண்டுமானால் காட்டுங்கள்.

திண்ணைவாசி:
ஹான்ஸுக்குப் பதில் சொல்லவில்லை.

கணக்குப்புலி:
ஹான்ஸ் ஏலம் எடுக்கவில்லை.

புதுவரவு:
வணக்கம். குடும்ப விளையாட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்? எந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீருமே.

திண்ணைவாசி:
இன்னொன்று. பாட்டிகதை, மற்றதெல்லாம் கிரிம் என்றால் கண்ணாடிச் செருப்பு சேராது. அது 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ எழுதிய சின்ட்ரெல்லாவில் வருவது. கிரிம் கதையில் பொன் செருப்பு. அக்காமார் செருப்பில் கால் நுழைய வேண்டும் என்று ஒருத்தி கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்வது அதில்தான்.

பாட்டிகதை:
மகள் நீல வண்ணத்தில் மினுமினுப்புத் தூள் ஒட்டி வரைந்த செருப்பு அது. பெரோவோ கிரிம்மோ, அது அப்படியே இருக்கும். இது கிரிம் ஆட்டம் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

யாழ்நண்டு:
அமுதசுரபி இருக்கிறது, வேதாளம் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு ஜெர்மன் வாத்து எதற்கு? எங்கள் வீட்டில் ஏலம் என்றால் 304 என்ற சீட்டாட்டம்தான். அம்மம்மா, மாமா, நான், தம்பி. வாயால் கேட்டு, துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஆடுவோம். ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு சீட்டுச் சாதிக்கும் கூட்டினால் 304. யாரையும் வீட்டுக்கு வெளியே அனுப்புவது கிடையாது.

கணக்குப்புலி:
கேட்ட புள்ளியை எடுக்க முடியாவிட்டால் 304-இல் என்ன ஆகும்? சும்மா விட்டுவிடுவார்களா? தண்டம் உண்டல்லவா? அப்படியானால் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். கையில் இல்லாததைக் கேட்டால் அடி விழ வேண்டும். அது இல்லாமல் எந்த ஏலமும் ஏலம் இல்லை.

யாழ்நண்டு:
அடி விழும், ஆனால் அடுத்த கையில் மீளலாம். எடுத்த புள்ளியெல்லாம் செல்லாது என்று அம்மம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

கணக்குப்புலி:
சரி, யாரும் கேட்காததை நானே சொல்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டில் அந்த விதி இல்லாமல் ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தோம். மாமியார், மனைவி, இரண்டு பையன்கள், நான். மிஞ்சிய பணத்துக்குக் கடைசியில் மதிப்பே இல்லை என்று தெரிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? இரண்டாவது அட்டை வெறும் 3. அதற்குப் பெரியவன் 25-ஐ எடுத்துப் போட்டான். சின்னவன் விடுவானா, 20-உம் 8-உம். எட்டாவது ஏலத்தில் என்னையும் சேர்த்து நான்கு பேர் கை காலி. மாமியார் கையில் மட்டும் ஒரு 2. அடுத்து வந்தது 9. அந்த 2-ஐக் கீழே வைத்து எடுத்துக்கொண்டார். எதிரில் கேட்க ஆளில்லை. மற்றவர்கள் அப்பளம் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். இதற்குப் பெயர் ஏலமா?

பாட்டிகதை:
மாமியார் ஜெயித்தாரா?

கணக்குப்புலி:
அது இங்கே பேச்சில்லை.

பாட்டிகதை:
அதுதான் பேச்சு. முதலிலேயே இறைத்தவர்கள் கை காலியாக உட்கார்ந்தார்கள், பொறுத்தவர் 9-ஐ இரண்டுக்கு வாங்கினார். அதுவே தண்டனைதானே! என் பிள்ளைகள் இரண்டாவது ஆட்டத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் 15-ஐயும் 20-ஐயும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெடுதல் அட்டை வந்தால் முதலில் விலகுபவருக்குத்தான் அது போகும், மற்றவர்கள் வைத்த பணமும் போய்விடும் என்பதால், அந்தச் சமயத்துக்குப் பணம் வேண்டும் என்று அவளே சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆட்டமே பணத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லும்போது, அதற்கு மேல் எதற்கு ஒரு குட்டு?

கணக்குப்புலி:
குட்டு இல்லை. கடைசி ஏலம் வரை எல்லோர் வயிற்றிலும் ஒரு பயம் இருக்க வேண்டும். ஏலத்துக்கு வரும் 16-இல் நான்கு அட்டைகளுக்கு மட்டும் வேறு நிற ஓரம், நான்காவது தலை காட்டியதும் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எப்போது நிற்கும் என்று தெரியாது, எதிராளி கையில் எவ்வளவு என்றும் சரியாகத் தெரியாது. விதியை எடுத்தால் இந்தப் பயம் போய்விடும். இதே மனிதர் 1992-இல் செய்த 'மாடர்ன் ஆர்ட்' ஆட்டத்தில் இந்த விதி கிடையாது. ஏன்? அங்கே ஜெயிப்பதே பணத்தால்தான், அதனால் யாரும் இறைக்க மாட்டார்கள். இங்கே பணம் புள்ளியாகாது, அதனால் விதி வேண்டும். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் யோசிக்காமலா வைத்திருப்பார்?

திண்ணைவாசி:
மாடர்ன் ஆர்ட்டை வெளியிட்ட ஜெர்மன் நிறுவனத்தின் பெயர் என்ன? 'ஹான்ஸ் இம் க்ளுக்'. அதிர்ஷ்டக்கார ஹான்ஸ்! வெறுங்கையோடு வீட்டுக்குப் போன அதே பையன். உங்கள் முனைவரின் ஆட்டத்தை விற்றதே ஏழை ஹான்ஸ்தான்.

கணக்குப்புலி:
பெட்டியில் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் விதிக்கும் என்ன சம்பந்தம்? கேரம் பேச்சிலும் இப்படித்தான், காயை விட்டுவிட்டுப் பலகையில் பூசும் பவுடரைப் பற்றிப் பேசினீர்கள்.

திண்ணைவாசி:
பவுடரைப் பற்றிப் பேசியது நான் இல்லை. பழசைத் தேடி எடுத்துக் காட்டவா?

கணக்குப்புலி:
காட்டுங்கள்.

யாழ்நண்டு:
அண்ணாமாரே, அந்தத் தங்கச்சி புதுவரவு கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கணக்குப்புலி:
சொல்லியாகிவிட்டது. திரும்பவும் சொல்கிறேன். கையில் குறைந்தவர் வெளியே போகிற பயம் இல்லாவிட்டால் 3-க்கு 25 போகும். விதி வேண்டாம் என்றால் அதற்கு வேறு பெயர் வையுங்கள். ஹை சொசைட்டி என்று சொல்லாதீர்கள்.

பாட்டிகதை:
வேறு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மகள் பெட்டி மேல் 'வாத்து ஏலம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். சோறு ஆனதும் உட்காரப் போகிறோம், அந்த விதி இல்லாமல்தான்.

கணக்குப்புலி:
விளையாடுங்கள். முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் எவ்வளவு மிச்சம் என்று இங்கே எழுதுங்கள். எந்த அட்டை எவ்வளவுக்குப் போனது என்றும் வேண்டும்.

பாட்டிகதை:
எழுத மாட்டேன்.