மல்லாரியில் மத்திமம் ஏறிப்போன ராத்திரி: உங்களுக்கும் நடந்திருக்கா?

மாயவரத்து நாயனம்:
நாலு வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல கெடந்து உறுத்துது. எங்க பக்கத்துக் கோயில்ல உற்சவம், அஞ்சாம் நாள், ரிஷப வாகனம். பெரியப்பா பெரிய நாயனம் (நாகஸ்வரம்தான்), நான் கூட வாசிக்கிறேன். ரெண்டும் ரெண்டரைக் கட்டைச் சுருதியில நிக்கற பாரிதான், நீளமான நாயனம். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கற மல்லாரியைக் கம்பீர நாட்டை ராகத்துல எடுத்தோம். ஷட்ஜம் சேந்துது, பஞ்சமம் சேந்துது. மத்திமம், அதான் ‘ம’, அது மட்டும் எனக்கு ஏறி ஏறி நிக்குது. கம்பீர நாட்டைக்குச் சுத்த மத்திமம்தானே உயிரு. அங்க அதுக்கு மேல நிக்கற பிரதி மத்திமத்து வாடை வந்தா எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

பெரியப்பா வாசிப்பை நிறுத்தல. ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். தீவட்டி வெளிச்சத்துல அவர் கண்ணு என் உதட்டுலயே நின்னுது. அப்புறம் நான் மத்திமத்துக்கு வர்ற இடத்துலல்லாம் அவரே முந்திக்கிட்டு அந்த ஸ்வரத்தை எடுத்துக்கிட்டார். நான் ஷட்ஜத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கோபுர வாசல் வரைக்கும் அப்படியே போனோம். வடக்கு வீதி திரும்பறதுக்குள்ள உதட்டுல வெச்சு ஊதற நாணல் சீவாளியை ரெண்டு தடவை மாத்திட்டேன், ஒண்ணும் ஆகல. மறுநாள் பத்து மணிக்கு வீட்டுல அந்த மொதல் சீவாளியையே போட்டு ஊதினா மத்திமம் அச்சு மாதிரி நிக்குது! மரமா, சீவாளியா, நானா? யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

ஆவடுதுறைப் பக்கம்:
சீவாளிதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். மூணும் ஒரே சமயத்துல வாங்கினதா இருக்கும். புதுச் சீவாளி வெறைப்பா இருக்கும், காத்து நெறைய கேக்கும். காத்து ஏற ஏறச் சுருதியும் ஏறும்.

என் கதை வேற. வலங்கைமான் பக்கம் ஒரு முகூர்த்தம். ஐயர் கையைத் தூக்கி “கெட்டிமேளம், கெட்டிமேளம்”ங்கறார், அந்த நொடியில என் சீவாளி பொளந்துடுச்சு. சீவாளியை மாட்டற உலோகக் குழாய், அந்தக் கெண்டையில தொங்கற சரத்துலேருந்து கைக்கு வந்ததை மாட்டினேன். எலும்பாக் காஞ்சு கெடந்துது. சத்தமே வரல. தவில் மட்டும் முழங்குது. பொண்ணோட தாத்தா தாலி முடியறதைப் பாக்காம என்னைப் பாத்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இன்னிக்கும் சின்ன டப்பாவுல ஈரத்துணி சுத்தி ரெண்டு சீவாளி தயாரா வெச்சுக்கறேன்.

குடந்தைக் குழல்:
நான் புல்லாங்குழல். என்னுடைய அனுபவம் சின்னதுதான். மார்கழி விடியற்காலை பஜனை, எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, குழல் கீழே நிற்கிறது. பெட்டி தானாக இறங்கி வராது, நான்தான் ஏற வேண்டும். முதல் பாட்டு முழுக்க, முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா கண்ணை மூடி முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆவடுதுறைக்காரர் எல்லாவற்றையும் சீவாளி தலையில் போடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சீவாளியே இல்லாத என் குழலுக்கும் அதே சங்கடம் வருகிறதே? காற்றின் சூடு பத்து டிகிரி குறைந்தால் குழலின் சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதுதான் காரணம், மரம் சுருங்குவதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நம் மூச்சே உள்ளே சூடு கொடுப்பதால் முழுசாக அவ்வளவு இறங்காது, ஆனால் காதுக்குத் தெரிகிற அளவு நிச்சயம் இறங்கும். ஆகவே கச்சேரிக்கு முன்னால் கால் மணி நேரமாவது குழலுக்குள் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். வெயிலில் வைத்துச் சூடாக்காதீர்கள், மூங்கில் விண்டுபோகும். ஊதும் துளையை உதட்டுப் பக்கம் உருட்டினால் சுருதி இறங்கும், வெளியே உருட்டினால் ஏறும். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பதற்றத்தில் எல்லோரும் உள்ளேதான் உருட்டுவார்கள். போன் செயலியில் சுருதி பார்ப்பவர்கள் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இல்லாமல் ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதிப் பாருங்கள், இல்லாவிட்டால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். குழல்களை அரைக் கட்டை வித்தியாசத்தில் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழல் மேதை திருவிடைமருதூர் மாலியின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள், உதட்டையும் விரலையும் வைத்தே ஒரு மனிதர் ஸ்வரத்தை எப்படி நிறுத்துகிறார் என்பது புரியும்.

மாயவரத்துத் தம்பிக்கு ஒரு கேள்வி. அது எந்த மாதம்?

திருவாரூர் கிளாரிநெட்:
எனக்கும் குளிர்லதான் ஆச்சு. வேன்ல ராத்திரிப் பயணம், எறங்கினதும் வாசிப்பு. மேல்துண்டை முழுசா உள்ள தள்ளிட்டேன், இன்னும் கீழதான் இருக்கு. அதுக்கு மேல தள்ள எடமே இல்ல! மூணாவது பாட்டுல வாத்தியம் சூடாகி எல்லாம் மேல போயிடுச்சு, நான் வெளிய இழுக்க மறந்துட்டேன். பாட்டுக்காரர் மேடையிலயே மைக்கைப் பொத்திக்கிட்டு “அண்ணே, ஏறுது”ன்னார். அந்த “ஏறுது” இன்னும் காதுல கேக்குது.

நரசிங்கம்பேட்டை போய் வந்தவன்:
குழல்காரர் ஐயா, உங்க கணக்கு சரிதான், ஆனா நாயனத்துக்கு அப்படியே பொருந்தாதுங்க. குளிர்ல எறங்கினா எல்லா ஸ்வரமும்தானே எறங்கணும்? தம்பிக்கு ஒத்த ஸ்வரம்தான் தப்புது, அதுவும் ஏறுது. கெண்டையைப் பாக்கச் சொல்லுங்க.

நான் பழைய பாரி ஒண்ணு கைமாத்தி வாங்கினேன். கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் ஒட்டவே ஒட்டாது, மேல போகப் போக ஏறும். ஒரு வருஷம் சீவாளி மேல சீவாளியா வாங்கிக் காசை விட்டேன். ஒருத்தர் துளையை அரம் போட்டுப் பெருசாக்கலாம்னார். நல்லவேளை விடல. நாயனம் செய்யற ஊரான நரசிங்கம்பேட்டைக்கு எடுத்துட்டுப் போனேன். ஆசாரி அடியில விரிஞ்சிருக்கற அணசைக் கழட்டினார், உடம்பான உலவை வாசல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒரு கண்ணை மூடி உள்ள பாத்தார். ரொம்ப நேரம். “மரம் பழைய வீட்டு ஆச்சா, உள்கூடு சுத்தமா இருக்கு. இது மேல கை வைக்காதீங்க”ன்னுட்டு, கெண்டையை மட்டும் உருவி வேற ஒண்ணு போட்டார். நூலை நாலு சுத்து சுத்தி உக்கார வெச்சு ஊதச் சொன்னார். ரெண்டு ஷட்ஜமும் ஒண்ணா விழுந்துது. அங்கயே கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. 2022-ல அந்த ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு வந்தப்ப எனக்கு அந்த ஒரு கண்ணை மூடின முகம்தான் ஞாபகம் வந்துது.

கெண்டையைக் கொஞ்சம் உள்ள தள்ளினாலும் எல்லா ஸ்வரமும் ஒரே அளவு ஏறாதுங்க. மேல் துளைக்காரங்க நெறைய ஏறுவாங்க, கீழ்த் துளை கொஞ்சம்தான் ஏறும். ஷட்ஜத்தைச் சேத்துட்டு மத்ததெல்லாம் தானா வரும்னு நினைக்கக் கூடாது. அடியில விரல் வைக்காத பிரம்மஸ்வரத் துளையில, சுருதிக்காக அடைக்கற மெழுகு கரைஞ்சிருக்கா, உதிர்ந்திருக்கான்னும் பாத்துக்கங்க. அரத்தை மட்டும் தொடாதீங்க, பெருசான துளை திரும்பச் சின்னதாகாது.

ஆவடுதுறைப் பக்கம்:
கெண்டை தப்புன்னா மறுநாள் காலையில எப்படி அச்சு மாதிரி நின்னுது? அதுக்குப் பதில் சொல்லுங்க மொதல்ல.

தவில்காரர் மகள்:
நான் வாசிக்கிறவ இல்ல, அப்பா தவில். சின்ன வயசுலேருந்து மேளத்துக்குப் பின்னாடியே நடந்தவ. பனி ராத்திரியில நாயனம் எறங்கிக் கெடக்கும், வாசிக்கிறவங்க சீவாளியை உதட்டால இறுக்கி ஷட்ஜத்தைத் தூக்கிச் சேத்துடுவாங்க. விரலை முழுசா மூடித் தெறக்கற ஸ்வரம் அதோட நின்னுடும். பாதி விரலும் காத்துமாப் பிடிக்கிற ஸ்வரம் அந்த இறுக்கத்துல எகிறிடும். அப்பாவும் நாயனக்கார மாமாவும் திண்ணையில இதைப் பத்தி எத்தனையோ ராத்திரி பேசியிருக்காங்க. தம்பி, உங்க பெரியப்பா உதட்டைப் பாத்தார்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?

மாயவரத்து நாயனம்:
குழல்காரர் ஐயா கேட்டதுக்கு: மாசி மாசம். நல்ல பனி. வடக்கு வீதியில தீவட்டியைச் சுத்திப் புகை மாதிரி எறங்கிட்டிருந்துது.

அக்கா எழுதினதைப் படிச்சதும் பெரியப்பாவுக்குப் போன் பண்ணேன். நாலு வருஷமா கேக்கப் பயந்துக்கிட்டிருந்தேன். “அன்னிக்கு ரிஷப வாகனத்துல என் மத்திமம்...”னு ஆரம்பிக்கும்போதே, “கடிச்சே”ன்னார். “சீவாளியைக் கடிச்சே. ரெண்டு சுத்து நூலைப் பிரிச்சுக் கெண்டையை உள்ள எறக்கிச் சுருதியை ஏத்தியிருந்தா கடிக்கத் தேவையே இல்ல.” ஏன் அப்பவே சொல்லலன்னு கேட்டேன். “மூணாவது சீவாளியையும் மாத்திட்டு நின்னியே, அந்த மூஞ்சியைப் பாத்துட்டு என்னத்தைச் சொல்றது”ன்னார்.

இன்னிக்கு ராத்திரி கொல்லைப்பக்கம் பனியில நின்னு ஊதிப் பாக்கப் போறேன், நூலைப் பிரிச்சு ஒரு தடவை, பிரிக்காம ஒரு தடவை.