பழைய குளோவர் நிலத்தில் ரையும் ஓட்ஸும் மேலாகத் தூவலாமா?

குன்றுநிலம் (தென்மேற்கு விஸ்கான்சின்) கேட்டது:

வணக்கம். எங்கள் சிறு நிலத்தின் காட்டோரத்தில், அரை ஏக்கரில், வெண்வால் மான்களுக்காக லடினோ வெள்ளைக் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனப்பயிரை விதைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் பாய் விரித்தாற்போல் அடர்ந்திருந்த அந்நிலத்தில், இவ்வாண்டு வசந்தம் தொடங்கியதிலிருந்தே புல் தலையெடுத்து வருகிறது. அக்டோபரில் கடும் உறைபனி விழுந்ததும் குளோவரின் வளர்ச்சி நின்றுவிடுவதால், மான்கள் தீனி தேடி அலையும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அங்கே அவற்றுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. எங்கள் வட்டாரத்துக் காட்டு மான்களில் நாள்பட்ட மெலிவு நோய் என்னும் உயிர்கொல்லித் தொற்றுநோய் 2002-இல் கண்டறியப்பட்டது. நோய் கண்ட கவுண்டிகளில் (மாவட்டங்களில்) தானியத்தைக் கொட்டித் தீனி வைப்பது தடை செய்யப்பட்டிருப்பதால், பயிராக வளர்த்துத் தருவதையே நான் சரியான வழியாகக் கருதுகிறேன்.

குளோவரை உழுது அழிக்காமல் அதன் மேலேயே ரை, ஓட்ஸ் போன்ற தானியங்களைத் தூவினால் முளைக்குமா? அவை குளோவரை நெருக்கி அழித்துவிடுமா? என்னிடம் டிராக்டர் இல்லை. புல்வெட்டும் இயந்திரமும் கையால் சுற்றும் விதைதூவியும் மட்டுமே உள்ளன.

ஏரிக்கரை (மிச்சிகன்) எழுதிய பதில்:

தாராளமாகத் தூவலாம். உங்கள் நிலத்தில் புல் வருவதற்கான காரணமே தானியத்துக்குச் சாதகமானது. குளோவரின் வேர் முடிச்சுகள் மூன்று ஆண்டுகளாக மண்ணில் சேர்த்துவைத்த தழைச்சத்தைத்தான் அந்தப் புல் உண்டு வளர்கிறது. அந்தச் சத்தைப் புல்லுக்கு விடாமல் தானியத்துக்குக் கொடுப்பதே இந்த மேல்விதைப்பின் அடிப்படை. ஆகவே யூரியா போன்ற தழைச்சத்து உரம் எதையும் இடாதீர்கள். மண் பரிசோதனை கேட்டால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும், அமிலத்தன்மை மிகுந்திருந்தால் சுண்ணாம்பும் இடலாம்.

உங்கள் பகுதிக்கு ஆகஸ்டு கடைசி வாரம் முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை ஏற்ற காலம். ஆனால் நாட்காட்டியைவிட மழையையே நம்புங்கள். நல்ல மழை வருமென்று வானிலை அறிக்கை சொல்லும் நாளுக்கு முன்தினம் குளோவரை மூன்று அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். விதையைத் தூவிவிட்டு, வெட்டுண்ட தழை கட்டியாகக் கிடக்கும் இடங்களில் மட்டும் வாரியால் கலைத்துவிடுங்கள். விதை தழையின் மேல் தங்காமல் மண்ணைத் தொட வேண்டும், தொட்டபின் இரண்டு மூன்று நாள்களாவது ஈரம் காயாதிருக்க வேண்டும். எங்கள் தஞ்சைப் பக்கத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தூவுவார்களே, அதே கணக்குத்தான்.

அரை ஏக்கருக்கு ரை 25 பவுண்டு, ஓட்ஸ் 15 பவுண்டு போதும். ஓட்ஸ் முதலில் இனிப்பாகத் தழைத்து மான்களை ஈர்க்கும். இரவு வெப்பநிலை 20 பாகை பாரன்ஹீட்டை ஒட்டிப் பலமுறை இறங்கினால் மடிந்துவிடும். ரை அப்படியன்று. பனிக்கு அடியிலும் உயிரோடிருந்து, பனி உருகியதும் முதலில் பச்சை காட்டுவது அதுவே.

ஓடைப்பண்ணை (மிசூரி) எழுதிய பதில்:

மேலே உள்ள பதிலை ஏற்கிறேன். ஆனால் குளோவருக்கு ஆபத்து இலையுதிர்காலத்தில் இல்லை, அடுத்த வசந்தத்தில்தான் இருக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். தூர் கட்டிய ரை, மே மாதத்தில் இடுப்புயரம் தாண்டி வளர்ந்து வெயிலை மறைத்துவிடும். கதிர் வெளிவருவதற்கு முன்பே அதை வெட்டிவிடத் தவறாதீர்கள். வெட்டியது கனத்த படலமாகக் குளோவரின் மேல் படிந்தாலும் கெடுதல்தான் என்பதால், ஒரே முறையில் தரையோடு வெட்டாமல் இரண்டு முறையாகத் தாழ்த்துங்கள். டிராக்டர் இல்லாத உங்களுக்கு இந்த வேலை கடினமாகத் தோன்றினால், ரையைவிடக் குட்டையாக நிற்கும் குளிர்காலக் கோதுமையைப் பரிந்துரைப்பேன். நான் அதையே விதைக்கிறேன்.

வாங்கும்போது மூட்டையின் பெயரை இருமுறை படியுங்கள். ரை தானியம் வேறு, ரைகிராஸ் என்னும் புல் வேறு. பெயர் ஒற்றுமையால் ஏமாந்து நான் ஒருமுறை ரைகிராஸைத் தூவிவிட்டேன். அது தானே விதை சிந்தி மீண்டும் மீண்டும் முளைத்ததால், அந்த நிலத்துக் குளோவரை மீட்க எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. மருந்து பூசிய விதையையும் தவிர்த்துவிடுங்கள். மண்ணின் மேல் திறந்து கிடக்கும் விதையைப் பறவைகள் பொறுக்கித் தின்னும்.

புல்லுக்காகக் கிளெத்தோடிம் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்கும் எண்ணமிருந்தால் கோடையிலேயே முடித்து, உறையில் அச்சிட்டுள்ள இடைவெளி கழிந்தபின் விதையுங்கள். குளோவரை விட்டுவிடும் அந்த மருந்து, முளைத்த தானியத்தையும் புல்லாகவே கருதிக் கொன்றுவிடும்.

குன்றுநிலம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வசந்தத்தில் வெட்டுவது என்னால் இயலும் என்பதால் ரையையே தேர்ந்தெடுக்கிறேன். இன்னும் ஓர் ஐயம். எங்கள் பகுதியில் மான்கள் மிகுதி. அரை ஏக்கரில் முளைத்ததை அவை உடனே மேய்ந்துவிட்டால், விதை முளைக்கவில்லையா, முளைத்தபின் தின்னப்பட்டதா என்பதை எப்படி அறிவது?

ஏரிக்கரை எழுதிய பதில்:

நான்கடி உயரக் கம்பிவலையை மூன்றடி அகல வளையமாகச் சுற்றி, விதைக்கும் நாளிலேயே நிலத்தின் நடுவில் முளையடித்து நிறுத்துங்கள். வளையத்துக்குள்ளும் வெளியிலும் உள்ள பயிரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே முழங்கால் உயரம், வெளியே இரண்டு அங்குலம் என்றிருந்தால் விதைப்பில் குறையில்லை, நிலம்தான் போதவில்லை. உள்ளேயும் வெறுமையாக இருந்தால், ரை குளிர்ந்த மண்ணிலும் முளைக்கக்கூடியது என்பதால் செப்டம்பர் இறுதிக்குள் மற்றொரு மழைக்கு முன்பாக அதை மட்டும் மீண்டும் தூவலாம். அதற்கென்று ஒரு பத்துப் பவுண்டு ரையை இப்போதே கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.