கேமரா பை போச்சு, அவசரம், யாராவது சொல்லுங்க

புதுவரவு:
வெளிநாடு வந்து ஆறு வாரம்தான் ஆகுது. லீவுக்குப் பக்கத்து நாட்டுக்கு ரயில்ல வந்தேன். ஸ்டேஷன்ல டிக்கெட் மெஷின் முன்னாடி பையைக் காலடியில வெச்சிருந்தேன். ஒருத்தன் மேப்பை விரிச்சு வழி கேட்டான். சொல்லிட்டுக் குனிஞ்சா பையக் காணோம். கேமரா, ரெண்டு லென்ஸ். ஒரு வருஷச் சேமிப்பு. காலையில திரும்பற ரயில். கை நடுங்குது.

பழையமூட்டை:
கேமரா கம்பெனி பேரைக் கொட்டை எழுத்துல போட்ட கழுத்துப் பட்டையோட சுத்தினீங்களா? அதை மொதல்ல கழட்டியிருக்கணும். நான் வந்த புதுசுல ஹீட்டர் வேலை செய்யாத ரூம்ல மூணு மாசம் கோட்டோட தூங்கினேன். கேமராவாம்!

லென்ஸ்மூடி:
பட்டையில என்ன இருக்கு? கையிலயே வெச்சிருந்தா எவனும் தொட மாட்டான்.

பழையமூட்டை:
என் ஃப்ரெண்டு கையில இருந்ததைத்தான் பைக்ல வந்தவன் பறிச்சான். தோள்பட்டை நகர்ந்துடுச்சு.

நடுராத்திரி:
போலீஸுக்குப் போயும் வேஸ்ட். என் லேப்டாப் போனப்போ ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

முகில்:
அவர் ரயில் பிடிக்கணும், உங்க பழங்கதையை அப்புறம் வெச்சுக்கலாமா? தம்பி, அந்தத் தாள்தான் வேணும். இன்சூரன்ஸ் இருந்தா மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. பல பாலிசியில 24 மணி நேரத்துக்குள்ள புகார் கொடுக்கணும். அதனால ஊர் திரும்பறதுக்குள்ள அங்கயே கொடுங்க. கேமராவோட சீரியல் நம்பர் வேணும். கேமரா வந்த அட்டைப்பெட்டி ரூம்ல இருந்தா கூட இருக்கறவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இல்லாட்டி அந்தக் கேமராவுல எடுத்த ஒரிஜினல் ஃபைல் ஒண்ணுல எக்ஸிஃப் (படத்தோட சேர்ந்து பதிவாகற விவரம்) பாருங்க, பல கேமரா நம்பரை அதுக்குள்ளயே எழுதி வைக்கும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினதுல தேடாதீங்க, அழிஞ்சிருக்கும். பை காலடியில இருந்துச்சு, நீங்க பக்கத்துலயே நின்னீங்கன்னு புகார்ல தெளிவா வரணும். தனியா விட்டுட்டுப் போன பொருள்னு எழுதிட்டா க்ளெய்ம் நிக்கறது கஷ்டம்.

புதுவரவு:
நம்பர் கிடைச்சிருச்சு அண்ணா! ஸ்டேஷன் போலீஸ்லதான் வரிசையில நிக்கறேன். பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் அதே பையில முன் ஜிப்புல இருந்துச்சு. அதையும் சொல்லணுமா?

முகில்:
தம்பி, அதையில்ல மொதல்ல சொல்லணும்! ரெண்டையும் புகார்ல சேருங்க, ஒரு நகல் கேட்டு வாங்குங்க. காலை ரயிலை மறந்துடுங்க. தூதரகம் திறக்கறப்போ அந்தத் தாளோட வாசல்ல நில்லுங்க.