புரோஜெக்ட் மேனேஜருக்கு யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) வேலையில் பங்கு எதுவரை?

சிப்புட்_பிள்ளை கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், ஈப்போவில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. போன மாதம்தான் என்னைப் புரோஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள். முதல் வேலையே செம்பனைத் தோட்டத்துக்கான செயலி: யார் எத்தனை குலை வெட்டினார்கள் என்று ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் கைப்பேசியில் பதிய வேண்டும், அது ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்குப் போய்ச் சேர வேண்டும். டிசைனர் இரண்டு வாரம் தோட்டத்தில் ஆட்களோடு இருந்து பார்க்க வேண்டும் என்கிறார், வாடிக்கையாளருக்கு அடுத்த மாதமே வேண்டுமாம், புரோகிராமர் அதற்குள் எழுதவே ஆரம்பித்துவிட்டார். நிறம், பட்டன் என்று நான் எதாவது சொன்னால் டிசைனருக்குப் பிடிக்கவில்லை, சும்மா இருந்தால் முதலாளி "நீ என்னதான் பார்த்தாய்" என்கிறார். என் வேலை எது, அவர் வேலை எது?

பீடோர்_அண்ணன்:

தங்கச்சி, படம் வரைவது உன் வேலை இல்லை. அவர் தோட்டத்துக்குப் போக நாள் ஒதுக்குவதும், அந்த நாளை யாரும் பிடுங்காமல் காப்பதும் உன் வேலை. நான் இதில் தவறியவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு செயலி, அவசரம் என்று களத்துக்குப் போகும் நாட்களை அட்டவணையிலிருந்து எடுத்தவன் நான்தான். ஆபீஸில் ஏர்கானில் உட்கார்ந்து பார்த்தபோது திரை அழகாக இருந்தது. செம்பனைக் காட்டுக்குள் கொண்டு போனால் கைப்பேசி லைன் இல்லை, அனுப்பும் பட்டனைத் தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெயிலில் சாம்பல் நிற எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை, மண்டோர் கையுறையைக் கழற்றினால்தான் விரல் படுகிறது, ஒரு வரிசை முடிவதற்குள் இரண்டு தடவை கடவுச்சொல் கேட்கிறது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன், எல்லார் சட்டைப் பையிலும் பழையபடி 555 என்ற சின்னக் குறிப்பு நோட்டு. மாலையில் கிராணி அதைப் பார்த்துச் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தார், ஒரே வேலை இரண்டு தடவை. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும், அதனால் கணக்கு அன்றைக்கே வந்தாக வேண்டும் என்றுதான் அவர்கள் செயலியே கேட்டார்கள்.

இரண்டு வாரம் கிடைக்காது என்றால் மூன்று நாள் கேள். காலைப் பெரட்டில் (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரம்) ஒரு நாள், காட்டில் ஒரு நாள், கிராணி மேசையில் ஒரு நாள். வாடிக்கையாளரிடம் அதைப் பேசி வாங்க வேண்டியவள் நீதான், டிசைனரை அனுப்பாதே.

வரைபவள்:

நான் டிசைனர். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்று மேனேஜர் சொன்னால் எங்களுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கிறதா, வெயிலில் பார்த்தீர்களா, பட்டன் ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி (திரையில் அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கிறதா" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். முதலாளி கேட்கும்போது உனக்கும் காட்ட ஏதாவது இருக்கும்.

சோதனைக்கு நிறையப் பேர் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஐந்து பேரே போதும், சுமார் 85% குறைகள் தெரிந்துவிடும் என்று யூஎக்ஸ் ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதியது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது ஒரே மாதிரி ஆட்களுக்குத்தான். மண்டோர் வேறு, கிராணி வேறு, இரண்டு பக்கமும் மூன்று நான்கு பேரைப் பிடி. அப்புறம் ஒரே தடவையில் முடிக்காதே, திருத்திவிட்டு மறுபடியும் காட்ட வேண்டும், அந்த இரண்டாவது தடவைக்கும் இப்போதே தேதி போட்டுவிடு, பிறகு கிடைக்காது.

மண்டோர்_மகன்:

அப்பா 22 வருடம் மண்டோர். அந்த எண்தான் வெட்டுகிறவரின் சம்பளம், இதை மறக்காதீர்கள். 48 என்று தட்ட வேண்டியது 84 ஆகிவிட்டால், அனுப்பின பிறகு யார் திருத்தலாம், திருத்தினது வெட்டினவருக்குத் தெரியுமா? சம்பள நாளில் சண்டை அங்கேதான் வரும். டிசைனரும் புரோகிராமரும் ஆளுக்கு ஒன்றாக நினைத்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேரையும் உட்கார வைத்து முடிவெடுத்து எழுதி வைப்பது மேனேஜர் வேலை என்று நினைக்கிறேன். இன்னொன்று, வெட்டுகிறவர்களில் இந்தோனேசியா, வங்காளதேசம் என்று பல ஊர்க்காரர்கள். மலாய் மட்டும் போதுமா என்று அங்கேயே கேளுங்கள்.

சிப்புட்_பிள்ளை:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. திருத்தும் விஷயத்தை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை, இன்று மதியம் கேட்டால் டிசைனர் ஒன்று சொல்கிறார், புரோகிராமர் வேறு சொல்கிறார், அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி. வாடிக்கையாளரிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்) பேசினேன், மூன்று நாளுக்குச் சரி என்றார், அதற்குப் பதிலாக அறிக்கைப் பக்கத்தை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளச் சம்மதம் வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை காலை பெரட்டுக்கு டிசைனரோடு புரோகிராமரும் வருகிறார். லைன் இல்லாத இடத்தில் அந்தப் பட்டன் சுற்றுவதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.