நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதல் பைக்: எதைப் பார்த்து வாங்குவது?

(சிங்கப்பூரில் பைக் ஓட்டுபவர்களின் உரையாடல். ஒவ்வொருவரும் தம் வட்டாரத்தின் பெயரில் எழுதுகிறார்கள்.)

செங்காங்

வயது 47. கார் லைசென்ஸ் பல வருடமாக இருக்கிறது, 2பி (200 சிசி வரையிலான பைக்குக்கான லைசென்ஸ்) இந்த மாதம்தான் கிடைத்தது. உயரம் 165. தினமும் செங்காங்கிலிருந்து ஜூரோங் போய்வர வேண்டும். கையில் 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஸ்கூட்டரா, கியர் பைக்கா? ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்

சிசி பற்றிப் பிறகு பேசலாம். 2பி-யில் 200-ஐத் தாண்டவும் முடியாது. முதலில் காலை அளந்துகொள்ளுங்கள். ஷூ போட்டுச் சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேலே ஏற்றி, அதன் மேல்விளிம்பு தொடும் இடத்தில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடுவரை உள்ள உயரம்தான் உங்கள் அளவு.

யமஹா என்மேக்ஸ் 155-இன் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். ஹோண்டா பிசிஎக்ஸ் 160 ஏறக்குறைய அதே அளவுதான். யமஹா எம்டி-15 என்றால் 810. எண்ணைப் பார்த்தால் ஸ்கூட்டர் தாழ்வு. ஆனால் ஸ்கூட்டர் சீட் அகலமானது, தொடை விரிவதால் பாதம் எட்டாமல் போகும். எம்டி-15 சீட் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் கால் நேராக இறங்கும். அதனால் கடையில் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இரண்டு பாதங்களின் முன்பாதியும் அழுந்தப் பதிந்தால் போதும். நுனிவிரல்தான் தொடுகிறது என்றால் அந்த பைக் வேண்டாம், எவ்வளவு பிடித்திருந்தாலும்.

காரணம் இதுதான். புதிதாக ஓட்டுபவர்கள் பைக்கைக் கீழே போடுவது பெரும்பாலும் கார்பேட்டையில் திருப்பும்போது, சரிவில் நிறுத்தும்போது. 130 கிலோ வண்டி லேசாகச் சாயும்வரை கையில் எடை தெரியாது. கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்த முழங்காலும் இடுப்பும் ஒரே நொடியில் இழுபடும். நம் வயதில் அந்த இழுப்பு மாதக்கணக்கில் வலிக்கும். ஆகவே வாங்குமுன் எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்றபடி வண்டியைப் பின்னுக்குத் தள்ளி ஒரு வட்டம் சுற்றுங்கள். நடு ஸ்டாண்ட் இருந்தால் அதில் ஏற்றி இறக்குங்கள். மூச்சு வாங்கினால் இன்னும் லேசான வண்டியைப் பாருங்கள்.

பிடோக்

தம்பி, இங்கே பைக்கின் விலையில் பெரும்பங்கு சிஓஇ-தான், அதாவது வண்டியைப் பத்து வருடம் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று. பைக்குகளுக்கான டி பிரிவு சிஓஇ 2022-இல் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது. 8,000-க்குப் பழைய வண்டிதான் பார்க்க வேண்டியிருக்கும். விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 7,800 வெள்ளி வண்டிக்கு ஆறரை வருட சிஓஇ மிச்சம் என்றால் 78 மாதம், மாதம் 100 வெள்ளி. 5,400 வெள்ளி வண்டிக்கு மூன்றே வருடம் என்றால் மாதம் 150. "மலிவு" என்று தெரிந்தது எது என்று இப்போது பாருங்கள்.

அடுத்து, சிஓஇ முதல் பத்து வருடமா, நீட்டித்ததா என்று கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு நீட்டித்ததை மறுபடி நீட்டிக்க முடியாது, முடிந்தால் வண்டியும் முடிந்தது. சிஓஇ முடியுமுன் பதிவை ரத்துசெய்தால் மீதிக் காலத்துக்கான பங்கு திரும்பக் கிடைக்கும், ஆனால் காருக்குக் கிடைப்பதுபோல் பார்ஃப் தொகை (பதிவை ரத்துசெய்யும்போது பதிவுக் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் பகுதி) பைக்குக்குக் கிடையாது. விற்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் விவரத்தைச் சரிபாருங்கள்.

ஆர்எக்ஸ்இசட், என்எஸ்ஆர் மாதிரி பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகள் மேல் ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான பைக்குகள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது. முதல் பைக்காக அது சரிவராது.

வண்டி பார்க்கப் போகும்போது "எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். கைவைத்துப் பார்த்தால் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும்: ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா, நீலப் புகை வருகிறதா. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் கசிவு. செயின் ஓடும் பின் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பல் சுறாத் துடுப்புபோல் வளைந்திருந்தால் செயின் செட்டையே மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். கோடுகள் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருட ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. விலை பேசும்போது இரண்டு புது டயரைக் கணக்கில் கழியுங்கள்.

ஈசூன்

ஸ்கூட்டர் என்றால் இரண்டு விஷயம். ஓட்டுநர் பள்ளி பைக்கில் இடக்கை நெம்புகோல் கிளட்ச், ஸ்கூட்டரில் அதே இடத்தில் பின் பிரேக். பதற்றத்தில் கை பழக்கப்படி முழுதாக அழுத்தும், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் வசதி) இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிச் சறுக்கும். முதல் வாரம் காலியான கார்பேட்டையில் இரண்டு நெம்புகோலையும் சேர்த்து மெதுமெதுவாக அழுத்தி நிறுத்திப் பழகுங்கள், தினம் இருபது முறை.

இன்னொன்று, நடக்கிற வேகத்துக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் கிளட்ச் தானாக விட்டுவிடும். திருப்பத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடினால் சக்கரத்துக்கு இழுவை இருக்காது, வண்டி சாயப் பார்க்கும். கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தபடியே பின் பிரேக்கை லேசாக இழுத்துப் பிடியுங்கள். பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், முன்சக்கரத்தில் வேண்டாம்.

தெம்பனிஸ்

வேவ் மாதிரி 110 சிசி கப் வண்டியை (கிளட்ச் நெம்புகோல் இல்லாத சிறு பைக்)ச் சிலர் பரிந்துரைப்பார்கள். எடை குறைவு, செலவும் குறைவு. ஆனால் செங்காங்–ஜூரோங் என்றால் தெம்பனிஸ், சிலேத்தார் விரைவுச்சாலைகள். லாரி கடக்கும்போது காற்று தள்ளும், முந்தி விலகிப்போகப் போதிய வேகம் கையில் இருக்காது. 150க்கு மேல் பாருங்கள்.

கண்ணாடி போடுபவர் என்றால் ஹெல்மெட் வாங்கும்போது அதையும் எடுத்துப் போங்கள். காதுக்குப் பின் வளையும் சட்டம் உள்ளே நுழையாது, நேர்ச்சட்டம் வேண்டும். இருபார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க மட்டும். அதன்வழி சாலையைப் பார்த்தால் மங்கும், அதனால் தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி மேல்பாதிவழியாகப் பாருங்கள். ஹெல்மெட்டில் சிங்கப்பூரில் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்பு ஒட்டு இருக்க வேண்டும்.

கார் ஓட்டி வந்த பழக்கத்தில் ஒன்றை விட்டே ஆக வேண்டும்: பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்ததோடு தடம் மாறுவது. பைக்கில் தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். மழை தொடங்கிய முதல் சில நிமிடம் சாலையில் படிந்த எண்ணெய் மேலே வரும். வெள்ளைக் கோடு, இரும்புத் தகடு, சாக்கடை மூடி மூன்றும் வழுக்கும், அவற்றின்மேல் பிரேக்கோ சாய்வோ வேண்டாம். மேம்பாலத்துக்குக் கீழே மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கான மழை ஒதுக்கிடங்கள் உண்டு. அவசரமில்லாவிட்டால் ஒதுங்குங்கள்.

செங்காங்

நன்றி அண்ணே. ஒரு வருடம் கழித்து 2ஏ (400 சிசி வரையிலான லைசென்ஸ்) எடுக்கலாம் என்று ஆசை. ஸ்கூட்டர் வாங்கினால் கிளட்ச் மறந்துவிடுமா?

ஈசூன்

ஆமாம், கொஞ்சம் மங்கும். 2ஏ எண்ணம் உறுதி என்றால் எம்டி-15 மாதிரி கியர் வண்டியே வாங்குங்கள். நெரிசலில் இடது மணிக்கட்டு வலிக்கும், அதற்கு நெம்புகோலின் கோணத்தைச் சற்றுக் கீழே இறக்கினால் தீரும். எஞ்சின் எண்ணெய் ஜாஸோ எம்ஏ (பைக் எண்ணெய்க்கான தரக்குறி) என்று எழுதியது மட்டும். கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் இடுங்கள்.

உட்லண்ட்ஸ்

நான் இதில் ஒத்துப்போகவில்லை. முதல் வருடத்தில் கவனம் முழுதும் சாலையில் இருப்பதே முக்கியம். 2ஏ பாடத்தில் கிளட்ச் மறுபடி வந்துவிடும், பள்ளியிலேயே பயிற்சி உண்டு. இரண்டையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தள்ளியும் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த வண்டியில் கால் நன்றாகப் பதிந்தது என்று இங்கே சொல்லுங்கள், அதற்கு ஏற்றதைச் சேர்ந்து பார்க்கலாம்.