இரவில் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கினால் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம்) செலவைத் தருமா?

கேள்வி (காட்பாடி):
என் கணவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். நேற்றிரவு கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கி, வாயைத் திறக்கவே முடியாமல் போனதால், ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் (திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையம்) திறக்கும்வரை காத்திராமல் அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அது ஈ.சி.எச்.எஸ். அங்கீகாரப் பட்டியலில் இல்லை. கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில் (ஓய்வுபெற்ற சுபேதார், கம்மவான்பேட்டை):
கிடைக்கும், அம்மா, ஆனால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள் வேலூர் பாலிகிளினிக்கிற்குத் தகவல் சேர்ந்தாக வேண்டும். ஈ.சி.எச்.எஸ். அட்டையின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் ரசீதுகள், அவசரநிலைச் சான்று ஆகியவற்றை வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். பில் எவ்வளவு ஆனாலும் மத்திய அரசு சுகாதாரத் திட்டம் நிர்ணயித்த கட்டணம்வரைதான் தருவார்கள். மிச்சம் நம் கையைத்தான் கடிக்கும். பட்டியலிலுள்ள மருத்துவமனையாக இருந்திருந்தால் அவசரத்தில் பணமே கட்ட வேண்டியிருக்காது.

பதில் (பல் மருத்துவர், ஆற்காடு):
வெறும் ‘பல்வலி’ என்று எழுதிய சான்றை அவசரநிலையாக ஏற்பது கடினம். வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க இயலாமை ஆகியவை கேஸ் ஷீட்டில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அது உயிருக்கே ஆபத்து. அப்போது பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பதில் (குடியாத்தம்):
பணியில் இருப்பவர்களின் குடும்பத்தார் இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஈ.சி.எச்.எஸ். ஓய்வுபெற்றோருக்கானது; பணியில் இருப்பவர்களின் குடும்பத்தாருக்கு இராணுவ மருத்துவமனையும் இராணுவப் பல் மருத்துவ மையமும்தான்.