குகைத் தண்ணீருக்குள் கயிறு கண்ணில் படாத நேரம்

அல்சூரிலிருந்து:

பெங்களூருக்குக் கடல் கிடையாது. ஸ்கூபா பழகும் நாங்கள் சனி, ஞாயிறு என்றால் நீச்சல் குளத்தில் கிடப்போம். மழைக்காலம் முடிந்ததும் முருடேஷ்வர் போய் நேத்ராணித் தீவில் இறங்குவோம். குகை டைவிங்குக்கு அது போதாது. முறையான பயிற்சி முடித்த பிறகும், மெக்ஸிகோவின் யுகடான் பயணத்துக்கு முன் ஆறு மாதம் நாங்கள் நான்கு பேர் பழகியது என் வீட்டு மொட்டை மாடியில்தான். தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம், டிஷ் ஆன்டெனா என்று சுற்றிச் சுற்றி நைலான் கயிறு கட்டுவோம். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, கயிற்றைத் தடவியே படிக்கட்டுக்கு வந்து சேர வேண்டும். கயிற்றில் ஆங்காங்கே பிளாஸ்டிக் அம்புக்குறி செருகியிருக்கும். அதன் முனை எந்தப் பக்கம் என்று கட்டைவிரலால் அறிய வேண்டும். குகைக்குள்ளும் இப்படித்தான் வழிக்கயிறு ஓடும்; அம்பு காட்டும் பக்கம்தான் கிட்டத்திலுள்ள வாசல்.

யுகடானில் சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து விழுந்து திறந்த நீர்க்குழிகள் நிறைய உண்டு. செனோட்டே என்பார்கள். அவற்றின் அடியில் குகைகள் கிளை கிளையாக ஓடுகின்றன. தனித்தனி என்று நினைத்திருந்த இரண்டு குகைத் தொடர்கள் ஒன்றுதான் என்று 2018இல் தெரிந்தபோது, அவற்றில் ஒன்றான சாக் அக்டூனின் நீளம் 347 கிலோமீட்டர் ஆனது. பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இவை காய்ந்த குகைகள். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் காற்றில் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. தண்ணீருக்குள் அவை உருவாகவே முடியாது. அந்த விழுதுகளுக்கு நடுவே மிதக்கும்போது எனக்குப் பேச்சே எழவில்லை (மூச்சுவிடும் ரெகுலேட்டர் வாயில் இல்லாவிட்டாலும் எழுந்திருக்காது).

மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில், வெந்நீரில் வெல்லம் கரையும்போது தெரியுமே, அந்த நெளிவு. கேமரா ஃபோகஸ் ஆகாது. அதைத் தாண்டிய இடத்தில் ஒரு பெரிய கல்தூண். அண்ணன் பின்னாலிருந்து விளக்கடிக்க, நான் மெல்லப் பின்வாங்கிக்கொண்டே படம் பிடித்தேன். சட்டகம் அவ்வளவு அழகாக இருந்தது. கயிற்றைப் பார்க்கவில்லை. காலில் மாட்டிய துடுப்பின் நுனி தரையைத் தொட்டுவிட்டது.

விபூதி மாதிரி நைஸான வண்டல். சில நொடிகளில் எதிரே வெள்ளைச் சுவர். நந்தி மலை மூடுபனியில் ஹைபீம் போட்டால் எப்படியோ அப்படி, வீடியோ விளக்கு போட்டதால் இன்னும் மோசம். விளக்கை அணைத்தேன். அசையாமல் இருந்தேன். கை நீட்டிய பக்கமெல்லாம் தண்ணீர்தான். இதயம் காதுக்குள் அடித்தது. காற்று இருந்தது. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்பது கணக்கு. சிலிண்டரில் காற்றழுத்தம் 210 பார் இருக்கும்போது இறங்கினால் 140இல் திரும்பிவிட வேண்டும். எனக்கு 150 இருந்தது. ஆனால் பதறினால் அந்தக் கணக்கெல்லாம் ஓடிப்போகும்.

ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது. என் விரல்களை இழுத்துக் கயிற்றின்மேல் வைத்தது. அம்புக்குறியின் முனை கட்டைவிரலில் குத்தியபோது எனக்கு அழுகை வந்தது. பிறகு அந்தக் கை தன் பெருவிரலை உயர்த்தி, என் உள்ளங்கையில் அழுத்தியது. எங்கள் மொழியில் அதற்குச் சபாஷ் என்று அர்த்தமில்லை. டைவ் முடிந்தது, வெளியேறு. யார் காட்டினாலும், எந்த நேரத்திலும், ஏன் என்று கேட்கக் கூடாது. வாசலுக்கு வர 22 நிமிடம் ஆனது.

கே.ஆர்.புரத்திலிருந்து:

அந்தக் கை என்னுடையது தம்பி. நீ எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கலக்குவதற்கு முன்பே நம் மூச்சுக்குமிழ்கள் கூரையில் மோதி அங்கிருந்தும் தூசி உதிர ஆரம்பித்திருந்தது. கைவிளக்கை வேகமாக இடவலமாக ஆட்டினேன், மூன்று முறை. ஆபத்து என்று அர்த்தம். வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் அது உன் கண்ணுக்கே வரவில்லை. தப்பு உன்னுடையது மட்டுமல்ல. உன்னைப் பார்க்க வேண்டிய நானே விளக்கு பிடிக்கும் வேலையிலும் இருந்தேன். அன்றிலிருந்து நம் குழுவில் ஒருவர் எதையும் தூக்குவதில்லை. கயிறும் கேமராக்காரரின் துடுப்பும் மட்டும்தான் அவர் பொறுப்பு.

பொம்மனஹள்ளியிலிருந்து:

நான் குகைக்குப் போனதில்லை. கிருஷ்ணகிரி பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன். பன்னிரண்டு வயதில் முக்குளித்து, கிணற்றுச் சுவரிலிருந்த பொந்துக்குள் தலையை விட்டேன். மூச்சு முட்டி மேலே எழுந்தால் பாறை இடித்தது. கீழே பார்த்து, பச்சையாக வெளிச்சம் தெரிந்த பக்கம் உதைத்து வெளியே வந்தேன். மாமா விட்ட அறை இன்னும் நினைவிருக்கிறது. 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 பையன்களும் பயிற்சியாளரும் மாட்டியிருந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. உள்ளே சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பிய மீட்பு வீரர் சமான் குனான் இறந்த செய்தி வந்த அன்று சாப்பிடவும் முடியவில்லை. அந்த மொட்டை மாடிப் பயிற்சிக்கு நானும் வரலாமா?

அல்சூரிலிருந்து:

வாங்க அண்ணா. ஞாயிறு காலை ஆறு மணி. துண்டு மட்டும் கொண்டுவாங்க, கயிறு கட்டியே இருக்கும்.